இணைப்பில் கேமரா இல்லை

“மாஸ்டர், என் விரலைப் பாருங்க. இமைக்காதீங்க. அவ்வளவுதான்... எடுக்கிறேன்.”

பிளாஷ் பளிச்சென்று அடித்தது. நீச்சல் மாஸ்டர் முகவாயைத் தாங்கியில் வைத்து மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மற்ற மூன்று பேரும் மேசைமேல் இருந்த பெரிய மானிட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். படம் வரவில்லை. திரையின் நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழுந்து நின்றது. ‘இணைப்பில் கேமரா இல்லை.’

“இல்லையா? அப்ப என் முன்னாடி நிக்கிறது என்ன, செங்கல்லா?” என்றாள் படக்காரி.

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் படக்காரி என்றுதான் சொல்வார்கள். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளைப் பிடித்து ஸ்டூடியோ வைத்திருந்தாள். மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுப்பது அவளுக்கு ஒத்துவராது. கைக்கடிகாரத்தின் பல்சக்கரம், மாத்திரை, செருப்பின் தையல் என்று சின்னப் பொருள்களை நெருங்கிப் போய் எடுப்பாள். எடுக்கிற ஒவ்வொரு படமும் கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போய், அடுத்த நொடியே பெரிய மானிட்டரில் விரியும். கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் அவள் கணவர். ஒரு டயர் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். கம்பெனியை மூடியதும் மனைவியோடு வந்து சேர்ந்துகொண்டார். கணக்கை விட்டுச் சில வருஷங்கள் ஆகியும் எல்லாருக்கும் அவர் கணக்கர்தான்.

அன்றைக்கு வந்திருந்த வேலை புதிது. நீச்சல் மாஸ்டருக்குச் சாலை விபத்தில் வலது கண் போய்விட்டது. அவருக்குச் செயற்கைக் கண் செய்கிற கண்காரர், இடது கண்ணின் கருவிழியைப் பார்த்துப் பார்த்து அதே நிறத்தில் தீட்ட வேண்டும். நிறம் பிசகாத மானிட்டர் இவளிடம் இருந்ததால் இங்கேயே வந்துவிட்டார். மானிட்டருக்குப் பக்கத்தில் துணியை விரித்து, வர்ணங்களையும் முடி போன்ற தூரிகைகளையும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வில்லையையும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். படம்தான் வந்தபாடில்லை. காலையில் சோதித்தபோது ஒரே ஒரு படம் வந்தது. அதோடு சரி.

“கேபிளை மாத்திப் பாருங்க” என்றாள் படக்காரி.

“மாத்தியாச்சு. இது ரெண்டாவது கேபிள்” என்றார் கணக்கர்.

“ஹப்பு வழியாப் போகாம நேரா லேப்டாப்புலயே சொருகுங்க.”

“நேராத்தான் சொருகியிருக்கேன்.”

“அந்தப் பக்கம் ஓட்டை இருக்கே, அதுல?”

கணக்கர் லேப்டாப்பின்மேல் குனிந்து, இந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கி அந்தப் பக்கத்தில் சொருகினார். ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. படக்காரி முகம் மலர்ந்து, “மாஸ்டர், ரெடி” என்றாள். பிளாஷ் அடித்தது. சாம்பல் பெட்டி மறுபடி வந்தது.

மாஸ்டரின் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கண்ணில் நீர் இருந்தால் விளக்கின் பிம்பம் அதில் சிதறி, படம் உதவாது. அது வற்றும்வரை எல்லாரும் சும்மா இருக்க வேண்டியதாயிற்று.

“இருக்கிறதே ஒண்ணுதாம்மா. பாத்துப் பக்குவமா நடத்துங்க” என்றார் மாஸ்டர். வேடிக்கையாகத்தான் சொன்னார். படக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்காரர் தொண்டையைச் செருமினார். “தப்பா நினைக்காதீங்க. கேமராவுல இருக்கிற கார்டைக் கழட்டிக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா ஆகாதா?”

“ஆகும் சார். கார்டு போடுற கதவு கேமராவுக்கு அடியில இருக்கு. அடியில ஸ்டாண்டுத் தகடு இறுக்கியிருக்கு. கழட்டினா ஃபோகஸ் போயிடும். மறுபடி வைக்க அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு படத்துக்கும் அரை மணி நேரம்னா நீங்க ரெண்டு பேரும் இங்கயே குடித்தனம் வைக்கணும்.”

பிறகு அவள் கேமராவை அணைத்துப் போட்டாள். பேட்டரியைப் பார்த்தாள், முழுசாக இருந்தது. கேமரா தானாகத் தூங்கிப்போகிற ஏற்பாட்டை நிறுத்தினாள். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப் செய்கிற வேலையையும் நிறுத்தச் சொன்னாள். கணக்கர் அது இருக்குமிடத்தைத் தேடித் தேடித் திறந்தார். அவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் படித்துப் போகிற வேகத்தைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னங்க, பேப்பரா படிக்கிறீங்க? மூணாவது வரி. இல்ல, அதுக்குக் கீழ. கீழங்க!”

“கீழதான் போறேன்.”

“லேப்டாப்பையே ஒரு தடவை அணைச்சுப் போடுங்க.”

லேப்டாப் அணைந்து எழுந்து வருவதற்குள் மாஸ்டர் எழுந்து ஜன்னலோரம் போய்க் கையைக் காலை உதறிவிட்டு வந்தார். இந்தத் தடவை நிலைமை இன்னும் மோசம். முன்பாவது ‘டிங்’ என்று சத்தம் வந்தது. இப்போது அதுவும் இல்லை. கேமராவைப் போட்டதுமே பெட்டி வந்துவிட்டது. படக்காரி நெற்றியை மானிட்டரின் விளிம்பில் ஒருமுறை முட்டினாள்.

படங்களை வாங்கிக் காட்டும் மென்பொருளைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்து, “கேமராவை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?” என்றாள்.

“பாத்தாச்சும்மா.”

“கேபிள் நல்லா சொருகியிருக்கா?”

“இதுக்கு மேல சொருகினா அந்தப் பக்கமா வெளிய வந்துரும்.”

அந்தப் பெண் கொஞ்சமும் அசரவில்லை. “சரி மேடம். அப்போ வேற ஏதாவது புரோகிராம் உங்க கேமராவைப் பிடிச்சு வச்சிருக்கா பாருங்க. ஒண்ணு பிடிச்சுக்கிட்டா இன்னொண்ணுக்கு விடாது. கீழ் மூலையில சின்னச் சின்னப் படமா வரிசையா இருக்கும்.”

போனை மேசைமேல் வைத்துவிட்டு, படக்காரி கணக்கரின் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். மூலையில், தெரிந்த படங்களுக்கு நடுவே தெரியாத ஒன்று இருந்தது. வட்டத்துக்குள் ஒரு குட்டிக் கேமரா. அதன்மேல் அம்பைக் கொண்டுபோனாள். ‘கேமரா பயன்பாட்டில் உள்ளது’ என்றது.

“இது என்ன?”

கணக்கர் பழைய கேபிளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

“உங்களைத்தான் கேக்கிறேன்.”

“அது வந்து... பெரிய கேமராவை வச்சு வீடியோவுல பேசுறதுக்கு ஒரு புரோகிராம். நான்தான் போட்டேன். கம்ப்யூட்டரைத் தொறந்தா அதுவும் கூடவே தொறந்துக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“யார்கூட வீடியோவுல பேசினீங்க?”

“போன வாரம். நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப.”

“எப்பன்னு கேக்கல. யார்கூடன்னு கேட்டேன்.”

“ஒரு இன்டர்வியூ” என்றார் கணக்கர் மெதுவாக. “வேலைக்கு.”

மேசைமேல் இருந்த போன், “மேடம், லைன்ல இருக்கீங்களா? இந்த உதவி உங்களுக்குத் திருப்தியா இருந்ததா?” என்றது.

படக்காரி அதை எடுத்து, “ரொம்பத் திருப்தி” என்று சொல்லி அணைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

“அம்மா, எனக்காக ஒண்ணு செய்யுங்க. முதல்ல என் கண்ணை முடிச்சிருங்க. அப்புறம் நானும் இவரும் கீழ போயிடறோம். நீங்க ரெண்டு பேரும் தாராளமா சண்டை போடலாம்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் புரோகிராமை மூடினாள். மூடியதோடு விடாமல் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்தாள். கேமராவை அணைத்துப் போட்டாள். ‘டிங்.’ மாஸ்டர் முகவாயை வைத்தார். பிளாஷ் அடித்தது.

மானிட்டர் முழுக்க ஒரு கண் விரிந்தது. பழுப்பு நிறத்தில் நூல் நூலாக ஓடும் இழைகள், நடுவில் மஞ்சள் கலந்த ஒரு வளையம், கீழே ஓரத்தில் மிளகை நசுக்கினாற்போல் ஒரு கரும்புள்ளி. கண்காரர், “இதுதான், இதுதான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாஸ்டர் எழுந்து வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு நாள் இது என் முகத்துலயா இருந்துச்சு? தண்ணி தெளிஞ்சப்புறம் குளத்தோட அடி தெரியுமே, அந்த மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “இன்னொண்ணும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?” என்று கேட்டார்.

கண்காரர் தூரிகையை நனைத்தார்.

அதன் பிறகு வேலை தடையில்லாமல் ஓடியது. மதியத்துக்குமேல் அவர்கள் இருவரும் கிளம்பிப் போனார்கள். மாஸ்டர் போகும்போது கணக்கரின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் படக்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

“எந்த லென்ஸ் போட்டீங்க?”

கணக்கர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. “முகம் எடுக்கிறதுக்குன்னு ஒண்ணு வாங்கினியே... அது.”

“பெட்டியை விட்டு நானே வெளிய எடுக்காத லென்ஸ்!”

“லேப்டாப்புல இருக்கிற கேமராவுல பாத்தேன். மூஞ்சி களிம்பு பூசின மாதிரி இருந்துச்சு. இந்த வயசுல புதுசா வேலை கேக்கிறேன். பாக்கிறதுக்காவது கொஞ்சம் நல்லா இருக்கலாம்னு...”

“வேலை கெடச்சுதா?”

“கெடச்சுது. காகிதக் கிடங்குல கணக்கு. நான்தான் இன்னும் சரின்னு சொல்லல.”

“ஏன்? இங்க என்ன குறைச்சல்? யார் உங்களை என்ன சொன்னா?”

கணக்கர் கேபிளின் முனையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். “காலையில எழுந்ததும் ‘பேட்டரி சார்ஜ் போட்டீங்களா’ன்னு கேக்கிற. சாப்பிடறப்ப ‘ஃபைல் அனுப்பிட்டீங்களா’ன்னு கேக்கிற. படுக்கப் போறப்ப ‘லைட்டை அணைச்சீங்களா’ன்னு கேக்கிற, அதுவும் ஸ்டூடியோ லைட்டை. என்னை எப்படி இருக்கீங்கன்னு நீ கேட்டது எப்பன்னு எனக்கு ஞாபகமே இல்ல. வீட்டுலயும் உன்கிட்டத்தான் திட்டு வாங்கணும், இங்கயும் உன்கிட்டத்தான் வாங்கணும்.”

“நான் உங்களையா திட்டுறேன்? கம்ப்யூட்டரைத்தான திட்டுறேன்!”

“நானும் கம்ப்யூட்டரும் ஒரே பக்கமாத்தான உக்காந்திருக்கோம். யாரைத் திட்டுறன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவளுக்குச் சட்டென்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. அன்று காலையிலிருந்து அவரிடம் தான் பேசியதை எல்லாம் நினைத்துப் பார்த்தாள். கேபிள், ஹப்பு, ஓட்டை, மூணாவது வரி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. வந்த பதிலை விழுங்கிவிட்டாள். ஆனால் எரிச்சல் போகவில்லை. அழுகை வருகிற மாதிரியும் இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“என்கிட்டச் சொல்லியிருந்தா நானே லைட் போட்டுக் குடுத்திருப்பேன்ல? அந்த ஜன்னல் வெளிச்சத்துல உக்காந்தா உங்க மூக்கு ஒரு பக்கமா நிழல் விழும். அதை வச்சுக்கிட்டுப் போய் பேசியிருக்கீங்க.”

“அப்படியும் வேலை குடுத்துட்டாங்க.”

“குடுப்பாங்க. உங்களுக்குக் கணக்கு வரும்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சரின்னு சொல்லுங்க. இப்பவே போன் பண்ணுங்க. இல்லேன்னா அதுக்கும் நான்தான் கத்தணும்.”

அவர் வேலையில் சேர்ந்தார். படக்காரிக்கு முதல் நாட்கள் படுமோசமாகப் போயின. கேமராவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே அவளே ஓடினாள். எந்த ஃபைல் எந்தப் பெயரில் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அறையில் ஒண்டியாக நின்று, “எங்கதான் வச்சுத் தொலைச்சார் இந்த மனுஷன்” என்று கத்தினாள். ஒரு மாதிரியாகப் பழகிக்கொண்டாள். இதற்கிடையில் மாஸ்டர் புதுக் கண்ணோடு ஒருநாள் வந்து வாசலில் நின்று, “எது புதுசு, சொல்லுங்க பாப்போம்” என்றார். எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் யோசித்தாள். அவர் சந்தோஷமாகப் போனார்.

அன்று சாயங்காலம் கணக்கர் சட்டையெல்லாம் கசங்கி வீட்டுக்கு வந்தார். படக்காரி தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்படி இருந்துச்சு?”

“அதை ஏன் கேக்கிற” என்று ஆரம்பித்தார். ஆபீஸில் ஒரு பிரின்டர். கம்ப்யூட்டரில் இருந்து எதை அனுப்பினாலும் பிரின்டரே இல்லை என்கிறதாம். கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இல்லை என்கிறதாம். மேனேஜர் பின்னால் நின்றுகொண்டு, அதை அழுத்துங்க, இதை அழுத்துங்க என்று பிராணனை வாங்கினாராம். கணக்கர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வேறு எந்தப் புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்க அவளுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

“அப்புறம்?” என்றாள்.