மேல் தாழ்ப்பாளுக்கு நாலு விரற்கடை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பயிற்சித் தாளிலிருந்து கிடைத்தது. திருட்டுக் கதைதான், ஒத்துக்கொள்கிறேன். தாள் என் மனைவியுடையது. அவளுக்கு இரண்டு வருடமாகத் தோள்வலி. (தோள்வலியில் என்ன கதை இருக்கப்போகிறது என்று எழுந்து போய்விடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

முதல் தொடக்கம்: “அவள் படியில் வழுக்கி விழுந்த அன்று மழை...”

வேண்டாம், அடித்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2

பிசியோதெரபிஸ்ட் கெட்டிக்காரப் பெண். அச்சடித்த தாளில் பன்னிரண்டு பயிற்சிகள் படத்தோடு இருந்தன. எடுத்த எடுப்பில் ஒன்பதைக் கோடு போட்டு அடித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானே என் கதைகளில் இவ்வளவு அடித்ததில்லை.

“எல்லாருக்கும் ஒரே பயிற்சி சரிப்படாது சார். முன்னாடி வந்தவர் பெயிண்டர், அவருக்குக் கூரை எட்டணும். அக்காவுக்கு என்ன எட்டணும்?”

“தலை பின்னிக்கணும்,” என்றேன். “ரெண்டு வருஷமா நான்தான் பின்னி விடறேன்.” சொல்லும்போது கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

“நான் அக்காவைக் கேட்டேன்.”

என் மனைவி யோசிக்கவே இல்லை. “படுக்கையறைக் கதவோட மேல் தாழ்ப்பாளைப் போடணும். இறுகிப்போச்சு, ரெண்டு கையும் வேணும்.”

“ஸ்டூல் போட்டுக்கலாமே?”

“அவசரத்துக்கு ஸ்டூலைத் தேட முடியாது.”

அந்தப் பெண் ஒரு நொடி எழுதுவதை நிறுத்தினாள். பிறகு, “கதவு மேலேயே விரலால ஏறுங்கக்கா. வலி தாங்குற வரைக்கும் போதும். எட்டின இடத்துல தினமும் பென்சில் கோடு போடுங்க. தாழ்ப்பாள் உயரத்தை சார் அளந்து சொல்லட்டும்,” என்றாள்.

அளந்தேன். நானேதான் டேப்பைப் பிடித்தேன். ஆறடி. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

(அடிக்குறிப்பு: அந்தக் கதவில் கீழ்த் தாழ்ப்பாளும் இருந்தது. இப்போது இல்லை.)

3

இந்த மனைவிப் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். திருடன் பயம் என்றால் வாசல் கதவு இருக்கிறது. அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வெளியே நிற்பது

(இந்த வாக்கியம் முடியமாட்டேன் என்கிறது.)

கோடுகள் ஏறின. முகவாய், மூக்கு, நெற்றி, உச்சந்தலையும் தாண்டி. மூன்றாம் மாதம் அவற்றை எண்ணிக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். அவள் படியில் விழவில்லை. என் கதை ஒன்றை “சுமார்தான்” என்றாள். கத்தினேன். உள்ளே ஓடிக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். உதைத்தேன், பெயர்ந்து விழுந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். தோளில் மளுக்கென்றது.

அதற்கப்புறம் ஒருநாளும் அவள்மேல் கை வைக்கவில்லை. பின்னல் போட்டுவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது என்றே இருந்தேன். அவளோ எட்டாத தாழ்ப்பாளைப் பார்த்தபடி இரண்டு வருடம் படுத்திருக்கிறாள்.

4

இன்னும் நாலு விரற்கடைதான் பாக்கி. முடிவுகள்:

அ) ஸ்குரூடிரைவரால் நானே தாழ்ப்பாளைக் கீழே இறக்கி வைக்கிறேன். உங்களுக்குக் கண் கலங்குகிறது. (எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனாலேயே வேண்டாம்.)

ஆ) “என்னை மன்னிச்சிடு” என்கிறேன். அவள்... அவளுக்கு வசனம் எழுத வரவில்லை.

இ) இதை எழுதும்போதே உள்ளே கதவு சாத்தப்படுகிறது. ஒரு முனகல். இரும்பு உரசுகிறது. டக்.

எட்டிவிட்டாள்!

எழுந்து போனேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். என் கை துளி வலியில்லாமல் தலைக்கு மேலே போய் நின்றது. அதைப் பார்த்து எனக்கே பகீரென்றது. இறக்கி, ஒரு விரலால் மெதுவாகத் தட்டினேன்.

“யாரு?” என்றாள் உள்ளிருந்து.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர் என்று சொன்னேன் அல்லவா? இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன். முழுக் கதையும் உங்களுக்குத் தெரியும். நான் யாரென்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.