ஆரோக்கியமான ரத்தம்

என் அக்கா புருஷன் மேடைக்கு மேடை வாய் கிழியப் பேசுகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஈறில் குடியேறும் பாக்டீரியா ரத்தத்தில் இறங்கினால் வெள்ளணுக்களுக்குக் கிறுக்குப் பிடிக்குமாம். அவை இதய ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, கொழுப்பை விழுங்கி, வீங்கி, அங்கேயே செத்து வழியை அடைக்குமாம். எங்கள் ஆய்வகத்து எலிகளை வைத்து அவர் இதை நிரூபித்தும் ஆயிற்று. அந்த மகானின் ஈறிலோ தினமும் ரத்தம். தலையணை உறையில் கறையைப் பார்த்துப் பார்த்து அக்கா தினமும் உறையை மாற்றுவாள். போதாததற்கு, மாடிப்படி ஏறினால் மனிதருக்கு மூச்சு வாங்கியது.

"பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை இழுத்துட்டுப் போடி. எனக்குப் பயமா இருக்கு" என்று என்னிடம் அழுதாள்.

நான் எங்கே இழுக்க? அவரிடம்தான் எனக்கு வேலை. ஆய்வகத்தில் அத்தான் என்று கூப்பிடக்கூடாது, சார்தான். பல் என்று ஆரம்பித்தாலே, "வீட்டுப் பேச்சை வீட்டோட வச்சுக்கோ" என்பார்.

புது ஆய்வில் இதய நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ரத்தம் வேண்டியிருந்தது. "வெளியில எதுக்குத் தேடணும்? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்று சட்டைக்கையை மடித்துக் கையை நீட்டினார். முடிவு வந்தது. ஆரோக்கியமான ரத்தத்தின் வெள்ளணுக்கள் நோயாளிகளுடையதைவிட வெறிகொண்டு கிடந்தன.

"டியூபை மாத்திட்டே! கண்ணு எங்கே மேயுது?" என்று எல்லார் முன்னாலும் என்னை வறுத்தெடுத்தார்.

நானா விடுவேன்? எல்லாரிடமும் மறுபடியும் ரத்தம் எடுக்க வைத்தேன், அவரிடமும்தான். டியூப்களில் பெயரை மறைத்து வெறும் எழுத்தை ஒட்டினேன். எது யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரையில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"அடக் கடவுளே, யாரு இந்த ஆளு? உடனே இதய டாக்டர்கிட்ட அனுப்புங்க. இவர் வீட்டுல மனுஷங்களே இல்லையா? இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

சிரித்துத் தீர்க்கலாம் என்றுதான் காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை.

"அத்தான், அது நீங்கதான்."

அவர் திட்டவில்லை. நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தார். அக்காவின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினேன். எத்தனையோ எலிகளுக்கு ஊசி குத்திய கையால் அதை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஏம்மா, பல் டாக்டருங்க வாய்க்குள்ளயா ஊசி போடுவாங்க?" என்றார்.