போட்சாலோவில் போட்ட ஓட்டு

எங்கள் ஊருக்குத் தேவாலயம் ஒன்று, புனிதர்கள் இரண்டு, பேண்டு வாத்தியக் கழகங்களும் இரண்டு. நாங்கள் புனித லூசியாவின் சிவப்பு. எதிர்ச்சாரியில் இருப்பவர்கள் புனித ரோக்கின் நீலம். நீலக்காரன் கடையில் ரொட்டி வாங்கினால் எங்களுக்குச் செரிக்காது. இந்த லட்சணத்தில்தான் எங்கள் கழகத் தலைவன் விஸ்டினின் மகள் ரிட்டியென், ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு மால்டாவின் சார்பில் தேர்வானாள். நாடே கொண்டாடியது. நீலக் கழகம் மட்டும் அன்று கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டது. கேட்டதற்குக் கயிறு சிக்கிக்கொண்டது என்றார்கள்.

போட்டி நடக்கும் ரீகாவுக்குக் கிளம்பும் முன் அவள் கழகத்துக்கு வந்தாள். டிராம்போன் ஊதுகிற நான் பக்கத்து மேசையில் பாலாடைக்கட்டி வைத்த பஸ்தீஸி தின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டிவி முன்னாடி உக்காந்து என் பாட்டை முழுசா கேளு. மூணு நிமிஷம்தான்."

"கேக்காம இருப்பேனா?"

"உள்ளூர்த் தேர்வு அன்னிக்கும் இதையேதான் சொன்னே. நான் பாடறப்ப வெளியில நின்னு ஊரார் போனையெல்லாம் பிடுங்கி ஓட்டுப் போட்டுட்டிருந்தே."

"அதனாலதானே ஜெயிச்சே?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. அது அந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லை. ஒன்பது வயதிலிருந்து பாடுகிறாள். ஒரு பாட்டைக்கூட அவன் முடியும்வரை கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் வாயில் பஸ்தீஸி இருந்தது.

சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது என்பது போட்டியின் விதி. விஸ்டினா அடங்குவான்?

"கப்பல் ஏறினா ரெண்டு மணி நேரத்துல சிசிலி. அங்க ஒரு சிம் கார்டு வாங்கினா நாமளும் இத்தாலிக்காரன்தான்."

"இத்தாலியில ஆறு கோடி பேர் இருக்காங்கடா. நாம தொண்ணூறு பேர்."

"அவங்க யாரும் நம்ம பேண்டுல இல்லையே, நேனு."



போட்டி அன்று மதியம் வாத்தியங்களோடு கப்பல் ஏறினோம். வாத்தியம் இல்லாமல் எங்கள் ஊர்க்காரன் எங்கும் போவதில்லை. மேல்தளத்தைப் பார்த்தால் முழுக்க நீலச் சட்டை. அவர்கள் தலைவன் சல்வு பல்லைக் காட்டினான்.

"நாங்களும் ஓட்டுப் போடத்தான் வர்றோம்."

"யாருக்கு?"

"இன்னும் இருபத்தஞ்சு நாடு இருக்கே. ஏதோ ஒண்ணுக்கு."

சிசிலியின் போட்சாலோ துறைமுகத்தில் பெரிய டிவி இருந்த மதுக்கடை ஒன்றுதான். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள், நடுவில் முழி பிதுங்கி நிற்கும் கடைக்காரர். ரிட்டியென் மேடைக்கு வந்தாள். சிவப்பு உடை. முதல் வரியைப் பாடினாள், கடை அப்படியே அடங்கிப்போனது. விஸ்டின்கூட கையிலிருந்த போனை மறந்து நின்றான். சத்தியமாகச் சொல்கிறேன், நின்றான்.

அப்போதுதான் நீலக்காரர்கள் எங்கள் மூஞ்சிக்கு நேரே தங்கள் திருவிழா அணிவகுப்புப் பாட்டான மார்ச்சை ஊத ஆரம்பித்தார்கள்.

"நம்ம மார்ச்சை எடுங்கடா," என்றான் விஸ்டின்.

எடுத்தோம். மானப் பிரச்சினை அல்லவா? மூச்சு முட்டும்வரை ஊதினோம். நிறுத்தியபோது திரையில் வேறு நாட்டுக்காரன் ஒருவன் குதித்துக்கொண்டிருந்தான்.

இருபத்தோராவது இடம். இத்தாலி கொடுத்தது பூஜ்யம். ஐரோப்பாவே நம்மை ஒழிக்கப் பார்க்கிறது என்று கப்பலில் சிவப்பும் நீலமும் முதல்முறையாக ஒத்துப்போயின.

கரை நெருங்கிய காலையில் விஸ்டின் பழைய சிம்மைப் போட்டான். போட்ட உடனே மகளின் அழைப்பு. ஒலிபெருக்கியில் வைத்தான்.

"கேட்டியாப்பா?"

"கேட்டேன்மா. அதுவும் கடைசியில குரலைத் தூக்கினியே, புல்லரிச்சுப் போச்சு."



"கடைசியில நான் பாடவே இல்லப்பா. பாதியில தொண்டை அடைச்சுக்கிச்சு. ஊரே பாத்து அழுதிருக்கு. நீ என்ன சொல்லுவியோன்னு ராத்திரி பூரா உனக்குத்தான் போன் போட்டுட்டிருந்தேன்."

போனை வைத்துவிட்டாள்.

விஸ்டின் என் பக்கம் திரும்பினான். "நீயாவது கேட்டியா நேனு?"

நான் ஊதிக்கொண்டிருந்தேன் என்பது அவனுக்குத் தெரியும். ஊதச் சொன்னவனே அவன்தான்.