கலியாண வீட்டில் சின்னவிரல்

தெல்லிப்பழையில் வாகனம் ஓட்டப் பழக்கும் சுபாஸ்கரனின் கைகள் எப்போதும் பாயத் தயாராக இருக்கும். தொழிலால் வந்த பழக்கம் அது. பழகுகிறவர் யாருடையதோ வாழைத்தோட்டத்துக்குள் காரைத் திருப்பப் பார்த்தால், பக்கத்துச் சீற்றில் இருந்தபடியே எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து றோட்டுக்கு இழுத்துவர வேண்டும். கிழமை முழுவதும் இப்படிப் பாய்ந்த கை, சனிக்கிழமை மேடையில் கீபோட்டுக்கு முன்னால் நின்றதும் சாதுவாகிவிடுமா?

சுபாஸ்கரன் ‘தெல்லியூர் தேனிசை’ இசைக்குழுவின் கீபோட்காரர். பாடகர் பாடும்போது பின்னால் கோட் போடுவது அவருடைய வேலை. கோட் என்றால் பெரிய விசயம் ஒன்றுமில்லை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மூன்று சுரங்களை ஒன்றாக அமுக்குவதுதான். சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் அது சி கோட். எஃப், ஏ, சி என்றால் எஃப் கோட். இதையெல்லாம் அவர் கைபேசியில் ஒரு படத்தைப் பார்த்துத் தானாகவே பழகியவர். படத்தில் எந்தக் கோட்டுக்கும் அதன் பெயருக்குரிய சுரம்தான் முதலில் இருந்தது. ஆகவே சியிலிருந்து எஃப்புக்குப் போவதென்றால் சுபாஸ்கரன் கையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, எஃப் இருக்கும் இடத்தைக் குறிபார்த்து, மேலிருந்து இறக்குவார். திரும்பிச் சிக்கு வரும்போதும் அதே தூக்கு, அதே இறக்கு. பார்க்கிறவர்களுக்கு அவர் வாசிக்கிறாரா, கீபோட்டில் கரப்பான் பூச்சி அடிக்கிறாரா என்ற சந்தேகம் வரும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில்தான் வினை வந்தது. மேடை சின்னது. ஒரு பக்கம் மூன்று தட்டுக் கேக், மறுபக்கம் சுபாஸ்கரன், நடுவில் பாடகர் றஞ்சித். பாட்டு உச்சத்துக்குப் போக, சுபாஸ்கரனின் கையும் உச்சத்துக்குப் போனது. முழங்கை மைக்கின் தண்டில் பட்டது. மைக் சுழன்று போய்க் கேக்கின் நடுத்தட்டுக்குள் தலைகீழாகச் செருகிக்கொண்டது. அப்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கேக் மெதுவாகச் சரிந்து உட்காரும் ஓசை மண்டபம் முழுவதும் பெரிய ஸ்பீக்கர்களில் கேட்டது. றஞ்சித் தொழில் பக்தி உள்ளவன். குனிந்து, கேக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மிச்சப் பாட்டையும் பாடி முடித்தான். பிறந்தநாள் பிள்ளை மைக்கை இழுத்தெடுத்து ஐசிங்கை நக்கியது. அந்த ஓசையும் கேட்டது.

குழு வான் வண்டியில் திரும்பியது. குழுவின் தலைவர் நீக்கிலாப்பிள்ளை, பேஸ் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். சுபாஸ்கரனின் வீட்டு வாசற் படலையில் வான் நின்றபிறகுதான் வாயைத் திறந்தார்.

“சுபாஸ், அடுத்த மாதம் அளவெட்டியில கலியாணம். அந்தச் சனம் நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளந்த சனம். எங்களை மாதிரி ஆக்களை மேடையில ஏத்திறதே பெரிய விசயம். அங்கையும் உம்மடை முழங்கை வெளியில வந்துதெண்டால், உம்மை மேடைக்குக் கீழ இருத்தித்தான் வாசிக்கப் பண்ணுவன்.”

“கீழ இருந்தால் ஆக்கள் என்னைப் பாக்கேலாதே அண்ணை.”

“அதுக்குத்தான் சொல்லுறன்.”

சுபாஸ்கரனின் மனைவி தயாளினி வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பவள். அளவெட்டிக் கலியாணத்துப் பெண்ணின் சேலைச் சட்டையும் அவளுடைய மெஷினில்தான் கிடந்தது. கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேக் கதையைச் சொன்னபோது அவள் முதலில் நன்றாகச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் எழும்பிப்போய் வெட்டுத்துணிக் கூடையிலிருந்து நீளமான பச்சைப் பட்டுத்துண்டு ஒன்றை எடுத்துவந்தாள்.

“கையைக் கட்டிப்போட்டுப் பழகுவம்,” என்றாள்.

முழங்கையை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். சுபாஸ்கரன் சி கோட்டை அமுக்கினார். பிறகு எஃப்புக்குப் போக வேண்டியிருந்தது. கை தனியாகப் போக முடியாததால் உடம்பு முழுவதும் போனது. உடம்போடு, உட்கார்ந்திருந்த கதிரையும் போனது. “உது சரிவராது,” என்று சொல்லிவிட்டுத் தயாளினி இன்னொரு துண்டை எடுத்து, மணிக்கட்டைக் கீபோட் வைத்திருந்த மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினாள். இனி அந்தக் கைக்கு இரண்டு விரலகலம் அசைய இடமிருந்தது, அவ்வளவுதான்.

“இப்ப எஃப்புக்குப் போங்கோ.”

“எப்பிடிப் போறது? ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாய்.”

“எஃப் கோட்டில ஆரார் இருக்கினம்?”

“எஃப், ஏ, சி.”

தயாளினி தையல் சோக்கை எடுத்து, கீபோட்டில் அவர் காட்டிய கட்டைகளில் சின்னச் சின்னப் புள்ளி போட்டாள். பிறகு கணவரின் கையையும் புள்ளிகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“உங்கடை பெருவிரலுக்குக் கீழ இருக்கிறது என்ன?”

“சி.”

“அவர் எஃப் கோட்டிலயும் இருக்கிறாரே. பிறகேன் அவரை விட்டிட்டு ஓடுறியள்?”

“எஃப் கோட்டுக்கு எஃப்தானே அடியில இருக்கவேணும்.”

“ஆர் சொன்னது?”

யோசித்துப் பார்த்தால் ஒருவரும் சொல்லவில்லை. படத்தில் அப்படி இருந்தது, அவரும் அப்படியே இருந்துவிட்டார்.

அவர் பெருவிரலைச் சியிலேயே வைத்திருந்தார். நடுவிரலை ஈயிலிருந்து பக்கத்திலிருந்த எஃப்புக்கு நகர்த்தினார். சின்னவிரலை ஜியிலிருந்து பக்கத்திலிருந்த ஏக்கு நகர்த்தினார். மூன்றையும் அமுக்கினார்.

எஃப் கோட் கேட்டது. அதே எஃப்தான், ஆனால் ஆர்ப்பாட்டமில்லாமல், பக்கத்து அறையிலிருந்து மெதுவாக எழும்பி வந்த மாதிரி வந்து நின்றது.

“தயா!”

“கேட்டது.”

“கையே போகேல்லையடி!”

“நான் கட்டினது அப்பிடி.”

சியிலிருந்து ஜி கோட்டுக்குப் போக ஜி, பி, டி வேண்டும். இந்தமுறை சின்னவிரல் ஜியிலேயே இருந்தது. மற்ற இரண்டு விரல்களும் ஒவ்வொரு கட்டை கீழே இறங்கினால் போதும். சியிலிருந்து, ஏ, சி, ஈ சேர்ந்த ஏ மைனருக்குப் போகவோ சின்னவிரல் மட்டும் ஒரு கட்டை தள்ளினால் சரி. அந்த ஏ மைனருக்காக அவர் இத்தனை நாளும் காற்றில் ஒரு கெஜம் பறந்திருக்கிறார். சுபாஸ்கரனுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கட்டிய கையோடு அவர் மறுபடி மறுபடி போட்டார். சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்த தயாளினி, “இப்ப பி அடியில,” “இப்ப திரும்பச் சி அடியில,” என்று பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். இதற்கு இன்வேர்ஷன் என்று பெயர் என்பதைப் பிறகு கைபேசியில் தேடித்தான் அறிந்தார். அடியில் இருக்கும் சுரத்தை மேலே தூக்கிவிட்டு, அடுத்த சுரத்தை அடியில் இருத்துவது. ஆட்கள் அதே மூன்று பேர்தான்.

மணிக்கட்டுக் கட்டு முதலில் அவிழ்ந்தது, பிறகு முழங்கைக் கட்டு. கை திரும்பப் பறக்கவில்லை. ஒத்திகையில் நீக்கிலாப்பிள்ளை தன் கிற்றாரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். “உம்மடை கீபோட்டுக்கு எண்ணெய் போட்டனீரோ? வழுக்கிக்கொண்டு போகுது,” என்றார். சுபாஸ்கரன் இன்வேர்ஷனை விளக்கத் தொடங்கினார். நீக்கிலாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். “முழங்கை உள்ள நிக்குதெல்லே. எனக்கு அது போதும்.”

அளவெட்டிக் கலியாண வரவேற்பில் மண்டபம் நிறைந்திருந்தது. தான் தைத்த சட்டை பெண்ணுக்கு எப்படி இருக்கிறதென்று பார்க்கத் தயாளினியும் வந்திருந்தாள். முன்வரிசையில், நடுக்கதிரையில், பெண்ணின் பெரிய மாமா ஆழ்வாப்பிள்ளை இருந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் சால்வை, கோயில் திருவிழாவில் கச்சேரி கேட்கிற முகம்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது அதைவிட நன்றாக. றஞ்சித் பயமில்லாமல் சுபாஸ்கரனுக்குப் பக்கத்திலேயே நின்று பாடினான். சுபாஸ்கரனின் கை கீபோட்டின் நடுவில் படுத்திருந்த பூனை மாதிரிக் கிடந்தது. விரல்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தன. அவருக்கு உள்ளே ஒரே சந்தோசம். ஆனால் விரலை எண்ணிக்கொண்டிருந்ததால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரி நின்றார்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஆழ்வாப்பிள்ளை எழும்பினார்.

“நிப்பாட்டுங்கோ! உவர் வாசிக்கேல்லை!”

பாட்டு நின்றது. மண்டபமே சுபாஸ்கரனைப் பார்த்தது.

“நான் அப்ப துடக்கம் பாத்துக்கொண்டிருக்கிறன். பாட்டுப் போகுது, உவற்றை கை போகேல்லை. பென்டிரைவில பாட்டைப் போட்டிட்டுச் சும்மா நிக்கிறார்!”

பின்வரிசையிலிருந்து யாரோ, “பென்டிரைவைக் கழட்டு!” என்று கத்தினார்கள். தயாளினி எழும்பி நின்றாள். நீக்கிலாப்பிள்ளை நெற்றியைத் துடைத்தபடி சுபாஸ்கரனின் காதுக்குள், “எதுக்கும் ஒருக்காப் பழையபடி பாய்ஞ்சு காட்டும்,” என்றார்.

“மாட்டன் அண்ணை,” என்றார் சுபாஸ்கரன். அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீபோட் சம்பந்தமாக ரோசம் வந்திருந்தது.

அதற்குள் ஆழ்வாப்பிள்ளை மேடையேறிவிட்டார். “எங்கை தம்பி, என்ன வாசிக்கிறீர், காட்டும் பாப்பம்.”

“பாருங்கோ ஐயா. இந்தச் சின்னவிரல் இப்ப இஞ்சை. பிறகு இஞ்சை.”

“சின்னவிரலோ? கலியாண வீட்டுக்குச் சின்னவிரலாலயோ வாசிக்கிறது? காசு முழுக்கைக்கெல்லோ தந்தது!”

அவர் சுபாஸ்கரனின் மணிக்கட்டைப் பிடித்தார். “பாடுங்கோ,” என்று மற்றவர்களுக்குக் கட்டளையிட்டார். பாட்டுத் தொடங்கியது. நடுவில், முன்னறிவித்தல் இல்லாமல், கையை மேலே தூக்கினார். கீபோட் நின்றது. திடுக்கிட்ட றஞ்சித்தும் நின்றான். அவன் நின்றதைக் கண்டு டிரம்ஸ்காரரும் நின்றார். ஆழ்வாப்பிள்ளை கையை விட்டார். கீபோட் தொடங்கியது, எல்லோரும் தொடங்கினார்கள்.

“ஓகோ,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

ஆனால் அவர் இலேசில் நம்புகிற ஆளில்லை. மறுபடி கையைத் தூக்கி, இந்தமுறை கீபோட்டின் வலது தொங்கலில், கடைசிக் கட்டைகளுக்குக் கொண்டுபோய் இறக்கினார். அங்கே போய் என்ன செய்கிறான் பார்ப்போம் என்ற எண்ணம். பழைய சுபாஸ்கரன் என்றால் எஃப் எங்கே என்று தேடிக்கொண்டு நின்றிருப்பார். இப்போது அவருக்குத் தேட ஒன்றுமில்லை, அதே சுரங்கள்தான் கீபோட் நெடுகத் திரும்பத் திரும்ப வருகின்றன. கை விழுந்த இடத்துக்குக் கிட்ட ஏ இருந்தால் ஏயை அடியில் வைத்து, சி இருந்தால் சியை அடியில் வைத்து, மூன்று பேரையும் விரலுக்குள் சேர்த்துவிடலாம். எஃப் கோட் உச்சத்தில் கிணுகிணுத்தது. ஆழ்வாப்பிள்ளை கையை இடது பக்கம் கொண்டுபோனார். அங்கேயும் எஃப் உறுமியது. நடுவில் போட்டார். நடுவிலும் எஃப்.

இதற்கிடையில் கீழே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பாட்டு நிற்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளைகள் அப்படியே சிலையாக நின்றார்கள். தொடங்கியதும் ஆடினார்கள். இதைக் கண்ட பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆழ்வாப்பிள்ளை கையைத் தூக்க மண்டபம் உறைந்தது, விட மண்டபம் குதித்தது. மணமக்கள் அலங்காரக் கதிரையை விட்டு இறங்கி வந்தார்கள். ஒரு காலைத் தூக்கியபடி உறைந்த மாப்பிள்ளை விழப்பார்க்க, பெண் சேலையோடு பிடித்துக்கொண்டாள். சட்டைத் தையல் ஒன்றும் விடவில்லை என்பதைத் தயாளினி கவனித்தாள்.

“தூக்கு மாமா!” என்று சனம் கத்தியது. சோதனை செய்ய வந்ததை ஆழ்வாப்பிள்ளை எப்போது மறந்தார் என்று சொல்ல முடியாது. சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, நிகழ்ச்சி முடியும்வரை சுபாஸ்கரனின் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டார். மேடையை விட்டு அவரை இறக்க இரண்டு மருமக்கள் வரவேண்டியிருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபிறகு சுபாஸ்கரன் கீபோட்டைக் கழற்ற வந்தார். அங்கே ஆழ்வாப்பிள்ளை கையில் ஐஸ்கிறீம் கோப்பையோடு நின்றார்.

“தம்பி, ஒண்டு கேக்கவேணும். நான் எங்கை போட்டாலும் அதே சாமானைத்தான் வாசிச்சனீர். ஆனா ஒவ்வொரு இடத்திலயும் அதுக்கு வேற முகம் இருந்தது. என்ரை காது பிழையோ?”

சுபாஸ்கரன் கழற்றப்போன வயரை விட்டுவிட்டார். இவ்வளவு நாளில் இதைக் கேட்டவர் வேறு ஒருவருமில்லை. “பிழையில்லை ஐயா. பொறுங்கோ,” என்று கீபோட்டின் சுவிச்சை மறுபடி போட்டார். எப்போதும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒலிக்கும் நீக்கிலாப்பிள்ளையின் பேஸ் கிற்றார் இல்லாததால், கையின் அடியில் எந்தச் சுரம் இருக்கிறதென்று இப்போது தெளிவாகக் கேட்கும். முதலில் சியை அடியில் வைத்துச் சி கோட்டைப் போட்டார்.

ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடினார். “இது வந்து, கதிரையில வடிவாச் சாய்ஞ்சு இருந்து கதைக்கிறமாதிரி.”

ஈயை அடியில் வைத்தார்.

“இது, எழும்பப் போறன் எண்டு கதிரை நுனிக்கு வந்தமாதிரி.”

ஜியை அடியில் வைத்தார். ஆழ்வாப்பிள்ளை தலையைச் சரித்துக் கேட்டார். ஐஸ்கிறீம் உருகிக்கொண்டிருந்தது.

“இது போயிட்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டு, போகாமல், படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கதைக்கிறது.”

“அதேதான் ஐயா! அதேதான்!”

“இன்னொருக்காப் போடும்.”

சுபாஸ்கரன் போட்டார். வெளியே வான்காரர் ஹோர்ன் அடித்தார். தயாளினி வாசலில் வந்து நின்று, “இஞ்சாருங்கோ, எல்லாரும் ஏறியாச்சு,” என்றாள்.

“ஓம், இந்தா வாறன்,” என்று சொல்லிக்கொண்டே அவர் எஃப்புக்கு ஏயை அடியில் வைத்துக் காட்டத் தொடங்கினார். ஆழ்வாப்பிள்ளை ஒரு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.