அபர்ணாவின் நான்கு நாட்கள்

தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை ஜெயபிரியா. ஒன்பது வருடமாகப் பதினோராம் வகுப்புக்கு இதயப் பாடம் நடத்துகிறவள். அதனால் ஏழாம் மாதம் திருநெல்வேலி ஸ்கேன் மையத்தில், டாக்டர் சத்யபிரியா வாய் திறக்கும் முன்பே திரையைப் பார்த்து அவளுக்கு விளங்கிவிட்டது. குழந்தையின் இதயத்தில் வலது பக்க அறைகள் இரண்டும் நன்றாகத் துடித்தன. இடது பக்கத்தில் ஒரு கீற்று மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான்.

"இடது கீழறை வளரவே இல்லையா டாக்டர்?"

"நீங்க மெடிக்கலா?"

"இல்ல. டீச்சர்."

அதற்குப் பிறகு டாக்டர் எதையும் மறைக்கவில்லை. குழந்தை பிறந்ததும் வரிசையாக மூன்று ஆபரேஷன் செய்துபார்க்கலாம். ஆனால் இந்தக் குழந்தைக்கு வலது பக்க வால்வும் மோசமாக ஒழுகுகிறது, எடையும் குறைவு. முதல் ஆபரேஷனையே தாங்காது. மதுரையில் இன்னொரு டாக்டரிடமும் காட்டினார்கள். அவரும் அதையேதான் சொன்னார்.

ஜெயபிரியாவின் கணவன் தேவா போலீஸ்காரன். சீசன் முழுக்கக் குற்றாலம் அருவியில் அவனுக்கு பந்தோபஸ்து. மதுரையிலிருந்து திரும்பும் பஸ் ராஜபாளையம் தாண்டியதும் அவன் மெல்லக் கேட்டான்.

"எனக்கு ஒண்ணும் விளங்கல பிரியா. வயித்துக்குள்ள நல்லாத்தான உதைக்கு? நீதான பிள்ளைகளுக்கு இதச் சொல்லிக் குடுக்க. எனக்கும் சொல்லேன்."

"வயித்துக்குள்ள பிள்ளைக்கு மூச்சு கிடையாதுங்க. நுரையீரலுக்கு வேலை இல்ல. அதனால வலது பக்கம் தள்ளுத ரத்தம் ஒரு சின்னக் குழாய் வழியா நேரா பெரிய ரத்தக்குழாய்க்குப் போயிரும். இடது பக்கம் பாக்க வேண்டிய வேலையையும் நம்ம பிள்ளைக்கு இப்ப வலதுதான் பாக்கு."

"அப்படியே பாத்துட்டுப் போகட்டுமே."

"பிறந்து மூச்சு விட்டதும் அந்தக் குழாய் தன்னால மூடிரும். எல்லாப் பிள்ளைக்கும் மூடும். உங்களுக்கும் எனக்கும் மூடுனதுதான். மூடுனாத்தான் நல்லது. நம்ம பிள்ளைக்கு மட்டும் அது மூடுனா உடம்புக்கு ரத்தம் போக வேற வழி இல்ல."



"எத்தன நாளு?"

"மூணு நாளு, நாலு நாளு. சிலதுக்கு ஒரு வாரம்."

தேவா அவள் வயிற்றின்மேல் கையை வைத்தான். பஸ்ஸில் ஆள் இருப்பதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. தென்காசி வரும்வரை எடுக்கவும் இல்லை.

ஜூலை மாதம் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது. உதடு சிவப்பாக இருந்தது, நகம் சிவப்பாக இருந்தது. அந்தக் குழாய் மூடாமல் வைத்திருக்க ஒரு மருந்து உண்டு, சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், கண்ணாடிப் பெட்டியில்தான் வைத்திருக்க வேண்டும் என்றார் பிரசவம் பார்த்த டாக்டர்.

"அத எத்தன நாளைக்கு ஏத்துவீங்க?" என்று கேட்டான் தேவா.

"ஆபரேஷன் செய்யிற வரைக்கும் தாங்க வைக்கிற மருந்து சார் அது. ஆபரேஷனே இல்லைன்னா..."

"எம் மடியிலேயே இருக்கட்டும்" என்றாள் ஜெயபிரியா.

அபர்ணா என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உதவிக்கு வாசுதேவநல்லூரிலிருந்து தேவாவின் அக்கா மாரிச்செல்வி வந்திருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியபடியே அவள் சொன்னாள்: "பால் குடிக்கா, கை காலை ஆட்டுதா. இவளுக்கா நோயி? டாக்டருமாரு சொல்லுதது எல்லாம் நடந்துருமாலே தம்பி?"

தேவாவுக்கு அந்தப் பேச்சு போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோ கூப்பிட்டு வந்து நிறுத்திவிட்டான். பச்சை உடம்புக்காரியைச் சாரலில் எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய் என்று அக்கா சத்தம் போட்டாள். அவன் கேட்கவில்லை.

குற்றாலத்தில் ஆட்டோவை விட்டு இறங்கி, அருவி தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார்கள். சாரல் ஒரு துளி மூக்கில் பட்டதும் அபர்ணா தும்மினாள். தேவா வாய்விட்டுச் சிரித்தான். ஏழாம் மாத ஸ்கேனுக்குப் பிறகு அவன் சிரித்து ஜெயபிரியா பார்த்தது அப்போதுதான். கூடவே சிரித்தாள். ஒருவேளை மூடாமலே இருந்துவிடுமோ என்று அவளுக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. பாடம் தெரிந்தவள், அவளுக்கே தோன்றியது.

நான்காம் நாள் காலையில் அபர்ணா மார்பைக் கவ்வவில்லை. நெற்றி வியர்த்திருந்தது, பாதம் சில்லிட்டிருந்தது. ஜெயபிரியா குழந்தையின் தொடை இடுக்கில் விரலை வைத்து நாடி தேடினாள். முந்தின நாள் தெளிவாகக் கிடைத்த துடிப்பு இப்போது இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை.

"என்னட்டி?" என்றான் தேவா.

"மூடுதுங்க."

வலி தெரியாமல் இருக்க டாக்டர் கொடுத்திருந்த சொட்டு மருந்தை நாக்கில் விட்டார்கள். தேவா சட்டையைக் கழற்றிக் குழந்தையை நெஞ்சோடு போட்டுக்கொண்டான். பதினொரு மணி இருக்கும். தன் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்கிறது என்று தேவா சொன்னான். ஜெயபிரியா குழந்தையை வாங்கிக்கொள்ளாமல் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சிற்றாற்றங்கரையில் புதைத்தார்கள்.

மறுநாள் ஜெயபிரியாவுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாகி, ரவிக்கை நனைந்து, காய்ச்சல் அடித்தது. மாரிச்செல்வி வெந்நீர் ஒற்றடம் கொடுத்துப் பாலைப் பீய்ச்ச வைத்தாள். ஒரு டம்ளர் நிறைந்தது. அதைக் கொட்டப் போனவளை ஜெயபிரியா தடுத்தாள்.

"மதினி, அவளுக்குப் பால் ஊத்தணும்லா?"

"பச்ச மண்ணுக்கு அதெல்லாம் கிடையாதும்மா" என்றாள் மாரிச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தேவா டம்ளரை வாங்கினான். ஒரு கையால் டம்ளரின் வாயை மூடிக்கொண்டு, சிந்தாமல் ஆற்றங்கரை வரை நடந்தே போனான். ஈர மண்மேட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

திரும்பி வந்தபோது ஜெயபிரியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"குடிச்சாளா?" என்று கேட்டாள்.

"குடிச்சிட்டா" என்றான் தேவா.