வெள்ளைத் துணி விரித்த கதிரை

கூட்டத்தில் இருந்தவர்கள்: மேசைக்கு நடுவில் பிரதேச செயலாளர் அம்மையார். அவருக்கு இடப்பக்கம் நீர்வழங்கல் பொறியியலாளர். வலப்பக்கம் வெள்ளைத் துணி விரித்த உயரமான கதிரை, அது பக்கத்துப் பௌத்த விகாரையின் தலைமைப் பிக்குவான விகாராதிபதிக்கு உரியது. அதில் யாரும் இல்லை. எதிரில் பிரதேச சபை உறுப்பினர் ரமேஸ். கதவோர வாங்கில் கிருஷாந்தியும் யாகப்பராகிய நானும். நான் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின், அதாவது லயத்தின், சங்கச் செயலாளர். கிருஷாந்திக்கு ஏழாம் மாதம். தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியிலிருந்து லயத்துக்கு எழுபத்திரண்டு படிகள். தினமும் இரண்டு குடம் தண்ணீரோடு அவற்றில் ஏறுகிறாள்.

எங்கள் முப்பத்தொரு வீடுகளுக்கும் குழாய் போட வரைபடம் தயாராக இருந்தது. குழாய் போவது சபை வீதியால். வீதியோரம் விகாரை மதில் இருக்கிறது, அவ்வளவுதான். பொறியியலாளர் தடையேதும் இல்லை என்றார். அம்மையார் வெறுங்கதிரையைப் பார்த்தார்.

"ஹாமதுரு வரவில்லையே. அவர் சம்மதம் இல்லாமல் எப்படி? அடுத்த மாதம் பார்ப்போம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

எந்தச் சுற்றுநிருபத்தில் அப்படி இருக்கிறது என்று எழுந்து கேட்டேன்.

"சுற்றுநிருபம் இல்லை. பழக்கம்" என்றார்.

வெளியே வந்ததும் கிருஷாந்தி ரமேஸைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மெம்பரே, ஓட்டுக் கேக்க வந்தப்ப கோயிலுக்கு மணி வாங்கித் தாறேன்னு அவ்வளவு பேசினீங்க. உள்ள வாயே தொறக்கல?"

"தங்கச்சி, அந்தக் கதிரைக்கு எதிரா நான் பேசினா அடுத்த தடவ கீழ்ப்பக்கத்து சிங்கள ஓட்டு ஒன்னும் விழாது. மணி வந்திருச்சுல்ல?"

"வந்திருச்சு. அதுல தண்ணி வருமா?"

மறுநாள் காலை நான் விகாரைக்குப் போனேன். விகாராதிபதி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"கூட்டமா? யாரும் எனக்குச் சொல்லவில்லையே. சொன்னாலும் குழாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார். உள்ளே போய், ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி எழுதி, முத்திரை குத்தித் தந்தார்.

வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். கிருஷாந்தி வாசலில் வந்து நின்றாள்.

"இன்னும் அனுப்பலயா அண்ணே?"

"இத வச்சா வேலை நடக்கும். ஆனா கோப்புல ஏறிரும். நாளைக்கு மேல்லயத்துக்காரங்க பாதை கேட்டாலும் கக்கூஸ் கேட்டாலும் ஹாமதுரு கடுதாசி எங்கேம்பாங்க. எல்லாரும் இவர் மாதிரி இருப்பாங்களா?"

"அது சரிதான். புள்ள பொறக்க முன்ன தண்ணி வருமா, பின்னயா? அத மட்டும் சொல்லுங்க."

பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன்.

"குழாய் செல்வது சபை வீதியிலாகும். இதற்கு எந்த மதத் தலைவரின் சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. இத்துடன் இணைத்திருப்பது தங்கள் தகவலுக்காக மட்டும், அனுமதி அல்ல. வேலை தொடங்கும் திகதியை எழுத்தில் அறியத்தரவும்."

'அனுமதி அல்ல' என்பதன் கீழ் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். கிருஷாந்தி எட்டிப் பார்த்தாள்.

"கோடு போட்டா வாசிப்பாங்களா?"

"வாசிக்க மாட்டாங்க. ஆனா கோப்புல இருக்கும்."

பிரதி ஒன்றைச் சங்கத்துக் கோப்பில் வைத்தேன். இரண்டு தாள்களையும் மடித்து உறையிலிட்டு, பசை தடவி ஒட்டினேன். மடவளை பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைக்குப் போய்த் தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் நேரம் பதினொன்று நாற்பது.