ஏசி நின்று போகும் வண்டி

பாலத்தடியில் இருந்த பட்டறைக்குள் அந்தச் சாம்பல் நிறக் கார் மறுபடியும் நுழைவதைப் பார்த்ததும் மெக்கானிக் டார்சோனோவுக்கு அலுப்பில் கை ஓடவில்லை. காஸ் பார்த்தாயிற்று, கம்ப்ரசர் பார்த்தாயிற்று, ஒயர்களையும் தடவித் தடவிப் பார்த்தாயிற்று. இங்கே நிற்கும்போது ஏசி காற்று பனியாய் வரும். வண்டிக்குச் சொந்தக்காரி விடார்த்தியம்மா தன் கணவரை டயாலிசிஸ் முடித்துத் தானே ஓட்டிக் கூட்டிவரும்போது மட்டும் அனலடிக்கும்.

"வித்துத் தொலைச்சிடலாம்னு பாக்கறேன் தம்பி," என்றாள் அவள். சுரபாயா வெயிலில் அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "போன வாரம் சிக்னல்லயே கண்ணு இருட்டிடுச்சு. ஆனா வித்துட்டா, அவரை பைக் டாக்சியிலயா உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறது?"

"அடுத்த தடவை நானும் கூட வரேம்மா. கெடறப்ப கண்ணால பாத்தாத்தான் பிடிபடும்."

அப்படியே, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகையில் அவன் பின்சீட்டில் இருந்தான். முன்னால் கணவர் சுகர்மான் கழுத்துவரை துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். ஆற்றைத் தாண்டியதும் குளிர் சட்டென்று நின்றது. டார்சோனோ எக்கிப் பார்த்தான். துண்டின் மடிப்புக்குள்ளிருந்து நீண்ட கட்டைவிரல், ஏசி பேனலின் கீழ்முனையை அழுத்திக்கொண்டிருந்தது.

பெட்ரோல் பங்கில் விடார்த்தியம்மா தண்ணீர் வாங்க இறங்கினாள்.

"ஐயா, நீங்கதானா?"

"வெடவெடன்னு நடுக்குது தம்பி. குளிருதுன்னு வாயத் திறந்தா, டயாலிசிஸ் போடற கழுத்துக் குழாயில கிருமின்னு ஆஸ்பத்திரியில படுக்க வெச்சிடுவாங்க. போன தடவை இவ வராந்தாத் தரையில படுத்தே பாதியாயிட்டா. பேனல்ல கை வெச்சிடாதப்பா."

உள்ளே விட்டுப்போன இணைப்பில் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் பேனல் சரியாகிவிடும். இந்த வண்டியை இனிப் பார்க்கவே வேண்டாம். அதைத்தானே இத்தனை நாளாய் வேண்டிக்கொண்டிருந்தான். முன்சீட்டின் மேலாகக் கையை நீட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டான். கொதித்தது.

"கண்டுபிடிச்சியா?" பாட்டிலோடு வந்து உட்கார்ந்த விடார்த்தியம்மா கேட்டாள்.

சுகர்மான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உள்ள ஒரு சால்டரிங் விட்டிருக்கும்மா. அமுக்கினா நின்னுடும்." டார்சோனோ சுகர்மானைக் காட்டினான். "ஐயாதான் அமுக்கறாரு. அவருக்குக் குளிருது. தொட்டுப் பாருங்க."

அவள் கணவரின் நெற்றியில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நான் வெந்து சாகறேன். பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான் இருந்தீங்களா?"

"பாத்துட்டேதான் அமுக்கினேன்," என்றார் அவர். "விட முடியல."

அவள் வண்டியை ஆஸ்பத்திரிக்கே திருப்பினாள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் ஜுரம் பார்த்து, "உள்ள சேத்தாகணும். நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க," என்றாள். சக்கர நாற்காலிக்குப் பின்னாலேயே விடார்த்தியம்மா ஓடினாள். இன்ஜினை அணைக்கவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. வண்டியை ஓரங்கட்ட டார்சோனோ ஓட்டுநர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தான். சாய்மானம் முழுக்க அவளுடைய வேர்வை. அந்த ஈரம் அவன் சட்டைக்குள் மெதுவாக ஏறியது. முகத்தில் குளிர்காற்று தங்குதடையில்லாமல் வீசிக்கொண்டிருந்தது.